பத்து நிமிடப் படிக்கட்டு

குளிர்காலத்தில் வெளியே போய்விட்டு வந்தால் என் சித்தி நேராக வீட்டுக்குள் நுழைய மாட்டார். மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில், ஜன்னல் சரியாக மூடாத இடத்தில், பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். மடியில் இறுக்கி முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை, அதற்குள் கேமரா. பள்ளிக்கூட நாட்களில் ஒருமுறை நான் கதவைத் திறந்து, சித்தப்பாவோடு சண்டையா என்று கேட்டேன்.

"கேமராவுக்குக் குளிர் விடணும்டி. நீ கதவைச் சாத்து."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கு இந்த மரியாதை ஒரு நாளும் கிடைத்ததில்லை என்று சித்தப்பா உள்ளிருந்தே முனகினார்.

குளிரில் ஊறிய கேமராவைச் சட்டென்று சூடான அறைக்குள் கொண்டுவந்தால் அதன் கண்ணாடி வியர்த்துவிடும். உள்ளே ஏறிய ஈரம் லேசில் போகாது. பின்னால் கல்லூரியில் இதையே பாடமாகப் படித்தேன். அம்புக்குறி போட்டுப் படம் வரைந்து பத்துக்குப் பத்து வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். சித்தி எட்டாவதோடு நின்றவர்.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவருக்கு வேலை. வெளுத்து வரும் விரிப்புகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மங்கலானதைத் திரும்பவும் எந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு எல்லாம் ஒரே வெள்ளை. சித்திக்கு மட்டும் அதில் ஏழெட்டு வெள்ளை. கூட வேலை செய்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'வெள்ளைக்காரி'.

கேமரா அவர் வாங்கியது இல்லை. வருஷக் கடைசியில் சலவைக்கூடத்தில் நடந்த குலுக்கலில் விழுந்தது. சித்தப்பா எதிர்பார்த்தது குக்கர். முதல் பனி விழுந்த அன்றே சித்தி ஆற்றங்கரைக்குப் போய் நாற்பது படம் எடுத்தார். நாற்பதிலும் பனி சாம்பலாக இருந்தது. கேமரா பழுது என்று கேமராக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். இவ்வளவு வெள்ளையைக் கண்டால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், நாம்தான் ஒரு படி ஏற்றிவிட வேண்டும் என்று கடைக்காரர் விளக்கினார்.

"அப்படிச் சொல்லுங்க. எங்ககிட்ட புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்களும் முதல் நாள் இப்படித்தான் மிரளும்" என்று சமாதானமாகித் திரும்பினார் சித்தி.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். உறைந்த நாணல்கள், ஒரு பறவை நடந்து நடந்து சட்டென்று நின்றுபோன கால்தடம், தண்ணீர் மேல் எழும் ஆவி. மரங்களின் நிழல் பனியில் நீலமாக விழும். இருபத்திரண்டு வயது வரைக்கும் நிழல் என்றால் கறுப்பு என்றுதான் நான் இருந்தேன். அத்தனை புத்தகம் படித்து எதைப் பார்த்தேன் என்று அந்த நடைகளில் என்னை நானே கேட்டுக்கொண்டது உண்டு.

வாரநாட்களில் சித்தியின் கூட்டாளி ஒரு பஸ் டிரைவர். காலை ஏழு மணி வண்டி ஆற்றுப்பாலத்தில் ஏறும்போதுதான் சூரியன் எழும். பாலத்தை ஒட்டிய நிறுத்தத்தில் டிரைவர் இரண்டு நிமிடம் வண்டியை நிறுத்திவைப்பார். சித்தி இறங்கி இரண்டு படம் எடுத்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். வண்டிக்குள் முணுமுணுப்பு எழுந்தால், எஞ்சின் சூடாகட்டும் என்று டிரைவர் கூசாமல் பொய் சொல்வார். ஏழு குளிர்காலம் அந்த எஞ்சின் சூடாகிக்கொண்டே இருந்தது.

கைம்மாறாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"அம்மா, நான் ஓய்வு பெறுறதுக்குள்ள, புதுப் பனியில என் வண்டி பாலத்து மேல வர்ற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுங்க. முப்பது வருஷமா ஓட்டுறேன். இது வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

சித்தி ஒப்புக்கொண்டார். எடுத்த எதுவும் அவருக்குத் தேறவில்லை. ஒன்றில் பனி சேறாகியிருந்தது, இன்னொன்றில் வண்டிக்கு முன்னால் ஒரு லாரி. விரிப்பைத் திருப்பி அனுப்புகிற மாதிரி ஒவ்வொன்றையும் ஒதுக்கினார். அப்படியே டிரைவரின் கடைசி வேலை நாளும் வந்துவிட்டது.

அன்று விடியும்போதே பனி கொட்டியது. ஒன்பது நாற்பதுக்கு வண்டி திரும்பிப் பாலம் ஏறும். அந்த நேரத்துக்குச் சித்தி முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார். கேமராப் பையை வழக்கம்போலச் சலவைக்கூடத்தின் சைக்கிள் கொட்டகையில் மாட்டினார். வெளிக்குளிரிலேயே இருந்தால்தான் கண்ணாடி வியர்க்காது.

படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நான் அந்த மாதம் அங்கேதான் கணக்கெழுதினேன். ஒன்பதேகாலுக்குக் கொட்டகைப் பக்கம் போனபோது சித்தியின் பை மேல் காற்றில் அடித்துவந்த பனி குவிந்திருந்தது. பாவம், நனைகிறதே என்று எடுத்துத் தட்டி, உள்ளே நீராவி அறையின் கொக்கியில் மாட்டினேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு மேசைக்குத் திரும்பினேன். பத்துக்குப் பத்து வாங்கியவள் நான்தான்.

சித்தி பையைக் கொக்கியில் கண்டதும் எடுத்துக்கொண்டு ஓடினார். பின்னாலேயே நானும் போனேன். கரையில் நின்று கேமராவை எடுத்தார். முந்தானையால் துடைத்தார், மறுபடி துடைத்தார். ஈரம் கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. பார்க்கப் பார்க்க அது பூப்பூவாக உறைந்தது. அப்போது வண்டி பாலத்தில் ஏறியது. டிரைவர் தொப்பியைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்து, ஊர்வலம் போல மெதுவாக ஓட்டிவந்தார். சித்தி கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கவே இல்லை. ஒன்பது முறை அழுத்தினார்.

வண்டி எங்கள் பக்கத்தில் நின்றது. "படம் விழுந்திருச்சாம்மா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார் டிரைவர்.

"விழுந்திருச்சுண்ணே. கொஞ்சம் வெளுக்க வேண்டியிருக்கு. தர்றேன்."

ஒன்பது படத்திலும் பால் சிந்தியதுபோல ஒரே வெள்ளை. நடுவில் வண்டியின் விளக்குகள் இரண்டு மஞ்சள் புள்ளிகளாக. சித்தி இது வரைக்கும் எடுத்ததிலேயே சுத்தமான வெள்ளை இதுதான் என்று சித்தப்பா சொன்னார். சித்தி சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

பையை உள்ளே வைத்தது யார் என்று சித்தி யாரிடமும் விசாரிக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் டிரைவரைத் தனியாகப் பாலத்தில் நிற்கவைத்து எடுக்கிறேன் என்று சொல்லியனுப்பினார். வண்டி இல்லாமல் நான் மட்டும் நின்றால் அது பஸ்ஸைத் தவறவிட்டவன் படம் ஆகிவிடுமே என்று டிரைவர் மறுத்துவிட்டார். புது டிரைவர் வண்டியை நிறுத்துவதில்லை. அதற்கடுத்த வருஷம் சித்தியும் வேலையை முடித்துக்கொண்டு, பனியே விழாத ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கேமரா அலமாரியில் தூங்குகிறதாம். அங்கே படிக்கட்டில் காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை.

போன வாரம் டிரைவரைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். கையில் முட்டைக்கோஸ், தலையில் அதே தொப்பி. சித்தியின் நலம் விசாரித்தார். வெயிலைத் திட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறார் என்றேன். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"உங்க சித்தி எனக்கு ஒரு படம் தரணும்" என்றார். காய்கறிப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "கேட்டேன்னு சொல்லு. அவசரம் இல்லைன்னும் சொல்லு."