பலாமரத்து அம்மை

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். அன்றைக்கு அதை அடக்கிக்கொண்டுதான் மார்த்தாண்டத்தில் பஸ் இறங்கினேன்.

எங்கள் குடும்பக் கோயில் பத்ரகாளி பலாமரத்தில் செதுக்கியவள். எத்தனை நூறு வருஷமோ, யாருக்கும் தெரியாது. வண்டு அரித்து மாவாக உதிர்ந்துகொண்டிருந்தாள். புதுச் சிலை தயார். தலைமைப் பூசாரியான தந்திரி பழையவளின் சக்தியைக் கலசத் தண்ணீருக்கு மாற்றிப் புதியவளுக்குள் இறக்கியதும், பழையவளைப் பொழுது சாய்வதற்குள் ஆற்றில் விட்டுவிட வேண்டும். அதுதான் வழக்கம். நானோ அருங்காட்சியகத்தில் பழைய மரச்சிற்பங்களைக் காப்பாற்றுகிறவள். அவளுக்காகக் கண்ணாடிப் பெட்டியும் விளக்கும்கூட ஏற்பாடு செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

கோயில் பொறுப்பு பெரியப்பாவுடையது. முடியாது என்று போனிலேயே சொல்லியிருந்தார். நேரில் போனால் இளகுவார் என்று நம்பினேன். வண்டைக் கொல்லலாம், துளைகளில் பசை ஏற்றலாம், பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் பார்ப்பார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர் பூக்கட்டிக்கொண்டே கேட்டார். உள்ளே தந்திரியின் மணி ஒலித்துக்கொண்டிருந்தது. அது நின்றால் சக்தி மாறிவிட்டது என்று அர்த்தம்; அதற்குமேல் என் பேச்சு செல்லாது.

"பாட்டா படத்த மாட்டி பல்பு போட்டிருக்கியளே பெரியப்பா, அது மட்டும் என்ன?" வாய் முந்திவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "படம் வேற, உடம்பு வேற மக்களே. நீ வந்து சேரணும்னு உங்க அப்பன ரெண்டு நாளு ஐஸ் பெட்டியில வச்சோம். காலம் முழுக்க வைக்கட்டான்னு கேட்டிருந்தா சம்மதிச்சிருப்பியா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. அதற்குள் மணி நின்றது.

பெரியப்பாவின் மகன் பழையவளைத் தூக்கப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். மரம் நெரிபடும் சத்தம் கேட்டது. கையை எடு என்று கத்திவிட்டேன். பெரியப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. உடைந்த உடம்பாகப் போனால் குடும்பத்துக்கு ஆகாது. இத்தனை வருஷம் பூசை செய்தவர், அவளை முழுசாகக் கொண்டு சேர்க்காவிட்டால் அதற்கப்புறம் நிம்மதியாகத் தூங்க மாட்டார்.

"உடையாம கொண்டுபோக உனக்குத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார்.

பொம்பளை சுமக்கக் கூடாது என்றான் அவர் மகன். அப்பாவின் பாடையைத் தூக்கும்போதும் இதையே சொல்லித்தான் என்னை முற்றத்தோடு நிறுத்தினார்கள். பெரியப்பா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பையைத் திறந்தேன். ஊசியில் பசை ஏற்றி மணிக்கட்டின் துளைகளில் விட்டேன். அது காயும்வரை எல்லாரும் வெயிலையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு பஞ்சு வைத்துக் கட்டி, மரம் இன்னும் உறுதியாக இருந்த பிடரியிலும் இடுப்பிலும் கை கொடுத்துத் தூக்கினேன். படித்துறை வழுக்கியது. ஒவ்வொரு படிக்கும் என் கையில் மரத்தூள் உதிர்ந்தது. எங்கே ஒடிந்துவிடுவாளோ என்று மூச்சே விடவில்லை. பெரியப்பாவும் கூடவே இறங்கினார்.

இடுப்பளவுத் தண்ணீரில் பஞ்சுக் கட்டை அவிழ்த்தேன். அவளுடைய ஒரு விரல்கூட ஒடிந்திருக்கவில்லை.

"விடு மக்களே."

என்னால் முடியவில்லை. இப்போதும் காப்பாற்றிவிடலாம், கரையேறி ஓடிவிடலாம் என்றே தோன்றியது. பெரியப்பா இரண்டாம் தடவை சொல்லவில்லை. தன் கைகளை என் கைகளுக்கு அடியில் கொடுத்தார். விட்டேன். அவள் முகம் மேலே தெரிய, ஓட்டத்தோடு வளைவு தாண்டிப் போனாள்.

கரையேறத் திரும்பினேன். பெரியப்பா தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"முங்கிட்டு ஏறு. சுமந்தவளுக்குச் சாவுத் தீட்டு உண்டு."

அவர் பக்கத்திலேயே முங்கினேன். தண்ணீருக்குள் வாய்விட்டு அழுதேன்.