இருநூறு கையுறைப் போர்வை

போன சனிக்கிழமை என் மகள் என்னை ஒரு பேரங்காடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுத்தரும் வகுப்பாம். உள்ளே போனால், துணி வெட்ட பீட்சா வெட்டுவது மாதிரி ஓர் உருளைக்கத்தி. கத்திக்கு அடியில் விரிக்க ஒரு பாய், பாய்க்கு மேலே வைக்க ஒரு கண்ணாடி அளவுகோல். மூன்றின் விலையையும் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தேன். வகுப்பெடுத்த சின்னப்பெண் அன்பாகத்தான் கேட்டாள்.

"ஆன்ட்டி, வீட்ல என்ன மெஷின் வெச்சிருக்கீங்க?"

"துணி தொவைக்கிற மெஷின்" என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நானோ உண்மையைச் சொன்னேன்.

அப்போது பக்கத்து மேசையில் யாரோ புதுத்துணியை இஸ்திரி போட ஆரம்பித்தார்கள். கஞ்சித் துணியில் சூடு படும் அந்த வாசனை இருக்கிறதே, அதை முகர்ந்தால் எனக்கு இன்றைக்கும் இருபத்திரண்டு வயதாகிவிடும். ரஹீம் அண்ணனின் தையல்கடை வாசனை அது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் கடை. அந்தக் கடைவீட்டு மாடியில்தான் நான், குணா, பத்மா என்று மூன்று பெண்களும் வாடகைக்கு இருந்தோம். வேலை கடலுக்கு அந்தப் பக்கம் மாக் மண்டின் தொழிற்பேட்டையில், மூவருக்கும் ஒரே கம்பெனி. வீடு கடலுக்கு இந்தப் பக்கம். வாடகை குறைவு என்று குணா பார்த்துப் பிடித்த இடம். வாடகையில் மிச்சமானதை நாங்கள் ஃபெரிப் படகில் போய்வந்தே தீர்த்தோம். குணாவின் யோசனைகள் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் முடியும்.

பத்மாவுக்கு நிபோங் திபாலில் அம்மா வீடு. கேமரன் மலையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். முட்டைக்கோஸ் லோரி ஓட்டுபவர், நல்ல மாதிரி, சிரித்தால் கன்னத்தில் குழி விழும். பத்மாவுக்குப் பிடித்துவிட்டது. பிடிக்காதது ஒன்றே ஒன்று, அந்த மலை. கம்பெனியின் குளிர்சாதன அறையிலேயே காதில் துண்டு கட்டிக்கொண்டு வேலை பார்த்தவள் அவள். வீடு பார்க்க மேலே போய் ஒரு நாள் தங்கிவிட்டு வந்தாள். வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அங்க தண்ணியத் தொட முடியலடி. பல்லு டைப்படிக்குது. கம்பிளி காகிதம் மாதிரி இருக்கு. நல்ல செலிமுட் ஒன்னு இல்லாம நான் போகமாட்டேன்லா. கல்யாணம் நின்னாலும் சரி."

செலிமுட் என்றால் போர்வை. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தோம். மறுநாள் அதையே அம்மாவுக்கும் ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டாள். நிபோங் திபாலில் அழுகை. தடித்த போர்வை ஒன்று கடைக் கண்ணாடிக்குள் இருக்கத்தான் செய்தது, ஆனால் அதை வாங்க நாங்கள் மூவரும் இரண்டு மாதம் பட்டினி கிடக்க வேண்டும். கல்யாணம் ஜனவரியில். "நாமளே தெச்சுருவோம்" என்றாள் குணா. அவளுக்குத் தைக்கத் தெரியாது. எனக்குப் பொத்தான் மட்டும் தெரியும்.

நண்பரே, பணமில்லாமல் போர்வை தைப்பது எப்படி என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள், நான் சொல்கிறேன். அளவுக்கு, குளியலறையில் பெயர்ந்து கிடந்த தரை ஓடு ஒன்றை எடுத்துக்கொண்டோம். அதைத் துணிமேல் வைத்து, தேய்ந்துபோன சோப்புத் துண்டால் சுற்றிக் கோடு போட்டால் சதுரம். அந்த ஓடு இருந்த பள்ளத்தில் தினமும் யாராவது ஒருத்தி கால் இடறுவாள், அது வேறு கதை. இஸ்திரிப்பெட்டிக்குப் பதில் சுடுதண்ணீர் ஊற்றிய சட்டியின் அடிப்பக்கம். உள்ளே திணிக்கப் பஞ்சு வேண்டுமே? கம்பெனியில் கிழிந்துபோனதென்று தூக்கிப்போடும் பருத்திக் கையுறைகளைப் பொறுக்கி வந்து துவைத்துக் காயப்போட்டோம். இருநூறு கைகள் எங்கள் மாடிக் கொடியில் வரிசையாக ஆடின. எதிர்வீட்டுச் சீனக் கிழவர் ஒரு நாள் பதிலுக்குக் கையாட்டினார்.

துணி ரஹீம் அண்ணன் தந்தது. ஜனவரியில் பள்ளி திறக்கும், ஆகவே டிசம்பர் என்றால் அவருக்குப் பள்ளிச் சீருடை மாதம். மாடிப்படிக்கு அடியில் ஒட்டுத்துணிகளைச் சுருட்டிச் சுருட்டிப் போட்டிருப்பார்.

"எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, குப்பக்காரனுக்கு வேல மிச்சம்."

ஆகவே எங்கள் போர்வையில் இருந்தவை வெள்ளை, கருநீலம், ஆண்பிள்ளைக் காற்சட்டையின் பச்சை, பெண்பிள்ளைகள் சட்டைமேல் போடும் பினஃபோரின் நீலப்பச்சை. வேறு நிறமே கிடையாது. பத்மா தள்ளி நின்று பார்த்தாள். "இதப் பாத்தா தூங்கத் தோணல. எந்திரிச்சு ஸ்கூல் சபைகூடலுக்கு வரிசையில நிக்கணும்போல இருக்கு."

ஃபெரியில் போகும்போதும் வரும்போதும் தைத்தோம். ஒரு சதுரம் காற்றில் பறந்து கடலில் விழுந்தது. என் ஊசி ஒரு முறை பக்கத்தில் நின்ற மனிதரின் சட்டையையும் சேர்த்துத் தைத்துவிட்டது. இறங்கும்போதுதான் இருவருக்கும் தெரிந்தது.

கடைசி வாரம், படிக்கடியில் ஒரு பெரிய நீலப்பச்சைத் துண்டு அகப்பட்டது. அதன் மூலையில் சுண்ணக்கட்டியில் 28, அதன் பக்கத்தில் 34. குணாவின் கண் விரிந்துவிட்டது.

"நாலு நம்பர்டி! கல்யாண வீட்டுத் துணியில தானா வந்திருக்கு. இத வெட்டாத, அப்படியே நடுவுல வெச்சுத் தை."

வைத்துத் தைத்தோம். போர்வையின் நெஞ்சில் பெரிய சதுரமாய் அது உட்கார்ந்தது. குணா நேரே போய் 2834-க்கு நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு எடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டாம் நாள் ரஹீம் அண்ணன் மேலே ஏறி வந்தார். முகத்தில் ரத்தமில்லை. "ஒரு பினஃபோருக்குத் துணிய அளவு எழுதி, வெட்டாம வெச்சிருந்தேன். மேச மேல மழ ஒழுகுச்சுன்னு படிக்கடியில மாத்தி வெச்சேன். காணோம்மா. பெரிய ஸ்கூல்ல மொத வருசம், படிவம் ஒன்னு போற புள்ள, நல்ல ஒசரம். அதே கலர் துணி எந்தக் கடையிலயும் முடிஞ்சு போச்சு. நாளைக்கு ஸ்கூல்."

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் போர்வையைப் பார்த்தோம். அவரும் பார்த்தார்.

"அந்த நம்பரு..." என்று இழுத்தாள் குணா.

"இருபத்தெட்டு அந்தப் புள்ளயோட இடுப்பும்மா, முப்பத்திநாலு நீளம்!"

குணா சீட்டைக் காட்டினாள். "அஸ்தஃபிருல்லா" என்று சொல்லிவிட்டு அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே சிரிக்கத் தொடங்கினார், கண்ணில் நீர் வரும்வரை. ஆனால் துணி துணிதானே? தையலைப் பிரித்து, சட்டியால் தேய்த்து, அந்த இடுப்பை அவரிடம் கொடுத்தோம். பிள்ளை பள்ளிக்குப் போனாள். குணாவின் நம்பர் விழவில்லை.

போர்வையின் நடுவில் மட்டும் ஒரு ஓட்டை. அதன் வழியாக ஒரு கையுறை விரலை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாளில் கல்யாணம். படிக்கடியில் இனி ஒரு துண்டும் இல்லை. பத்மா ஓட்டைக்குள் தலையை விட்டு எட்டிப்பார்த்தாள், பிறகு அப்படியே அழ ஆரம்பித்தாள். "இது சகுனம்டி. நான் போகல."

அப்போது என் மனசில் ஒரு கணம், போகாதே என்றுதான் பட்டது. மறைக்க என்ன இருக்கிறது? ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே சீப்பில் தலைவாரி நான்கு வருடம் இருந்தவள் போகிறாள். ஓட்டையை அப்படியே விட்டால் போதும், அவள் இங்கேயே இருந்துவிடுவாள். அந்த நினைப்பு வந்ததும் எனக்கே வெட்கமாகிவிட்டது. ஆணியில் தொங்கிய என் கம்பெனி மேலங்கியை எடுத்து முதுகுப்பக்கத்தை முழுசாக வெட்டினேன். நல்ல ஊதாத் துணி.

"பைத்தியமா ஒனக்கு? நாளைக்கு எதப் போட்டுக்கிட்டுப் போவ?" என்றாள் பத்மா, அழுகைக்கு நடுவில்.

"நாள் பூரா நாற்காலியில சாஞ்சுதான உக்காந்திருக்கேன். முதுக யார் பாக்கப் போறா?"

பார்த்தார்கள். வெட்டியதன் இடத்தில் சின்னச் சின்னச் சீருடைக் கந்தல்களை ஒட்டிப் போட்டுக்கொண்டு போனேன். பத்து மணிக்குத் தேநீருக்கு எழுந்தேன். சூப்பர்வைசர் புஷ்பா அக்கா என்னைத் திருப்பி நிறுத்தி, மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எந்த ஸ்கூல்லா?"

அன்றிலிருந்து அந்தக் கம்பெனியை விடும்வரை என் பெயர் படிவம் ஒன்று. சம்பளக் கவரைக்கூட அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

பத்மா போனாள். நிபோங் திபாலில் தாலி கட்டி, போர்வையை மடியில் வைத்துக்கொண்டே மலையேறினாள். ஒரு வாரம் கழித்து ஃபோன் வந்தது. "சூடாத்தான்டி இருக்கு. ஆனா இவரு பாதித் தூக்கத்துல எந்திரிச்சு, யாரோ என் முதுகுல கை வெக்கிறாங்கன்னு கத்துறாரு."

வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் பத்மாவைக் கூப்பிட்டேன். அந்தப் பழைய மாடி ஃபெரிகள் இப்போது இல்லை. கம்பெனி இருந்த இடத்தில் கொட்டகை போட்டு எதையோ அடுக்கி வைத்திருக்கிறார்கள். ரஹீம் அண்ணன் கடையில் கேக் விற்கிறார்கள், படிக்கடியில் மெத்தை போட்டு ஆட்கள் படம் பிடித்துக்கொள்கிறார்கள். இதையெல்லாம் அவளிடம் ஒப்பித்துவிட்டு, கேட்கப் பயந்ததைக் கடைசியில் கேட்டேன்.

"அந்தப் போர்வ இருக்காடி?"

"இருக்கே. உன் முதுகு மட்டும் கொஞ்சம் வெளுத்துப் போச்சு."

"இன்னும் போத்திக்கிறியா?"

ஃபோனில் அவளுக்குப் பின்னால் ஏதோ கடகடவென்று சுற்றுகிற சத்தம் கேட்டது.

"எங்கடி போத்திக்கிறது? மரத்தையெல்லாம் வெட்டிக் கட்டடமாக் கட்டிட்டாங்க. போன மாசம் நாங்களே ஃபேன் மாட்டிட்டோம்" என்றாள். "போர்வ அப்படியேதான் இருக்கு. குளிரத்தான் காணோம்."