மினிபஸ்ஸில் சுற்றி வந்த என் வயிற்றுப் படங்கள்

வருடக்கணக்காக எனக்கு அடிவயிற்றில் வலி. ஸ்கேனில் எதுவும் தெரியாததால், "நடிக்கிறா" என்பாள் அம்மா. பத்தாவதோடு என் படிப்பு நின்றதே அந்த வலியால்தான்.

போன வாரம் சிதம்பரத்தில் லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். தொப்புள் வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்ததில், கருப்பைக்குள் இருக்க வேண்டிய படலம் வெளியேயும் வளர்ந்திருந்தது. இன்று தையலைக் காட்டப் போனபோது டாக்டர் அந்தப் படங்களைக் கொடுத்தார்.

குமராட்சி மினிபஸ்ஸில் உட்கார்ந்ததும், அம்மா கவரைப் பிரித்துப் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் நீட்டினாள்.

"பாருக்கா, எம் பொண்ணு வயிறு. உள்ள எடுத்தது."

கல்யாண ஆல்பம் போலப் படங்கள் ஒவ்வொரு சீட்டாகப் போயின. நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"போதும்மா, வாங்கி வையி."

"சும்மா இருடி. இத்தினி நாளு யாரு நம்புனாங்க?"

நம்பாதவர்களில் முதல் ஆள் அவள்தான்.

கண்டக்டர் அண்ணன் ஒரு படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா கிளியரா வந்திருக்கு" என்றார்.

பின்சீட்டில் இருந்த ஒரு பெண் படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "இவ்ளோ வலிய வச்சிக்கிட்டு எப்படிம்மா இருந்த?"

இதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பதில் சொல்லத் துப்பட்டாவை இறக்கினேன்.

அம்மா முந்திக்கொண்டாள். "எம் பொண்ணுக்குப் பொறுமை ஜாஸ்திக்கா. வலிக்குதுன்னு ஒரு நாளு வாயத் தொறந்ததில்ல!"

சிரித்தால் தையல் இழுக்குமே என்று அடக்கிக்கொண்டேன். உங்கள் அம்மாவும் இப்படித்தானா?