சிவப்புப் பட்டனும் சைக்காலஜி சீட்டும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கே கயல் என்ன படிக்கப்போகிறாள் என்பது முடிவாகிவிட்டது. முடிவு செய்தது கயல் இல்லை, தாய்மாமன் சேட்டு. தேனாம்பேட்டையில் அவருக்கு பேனர் கடை. அந்தக் கடைக் கம்ப்யூட்டரில்தான் கயல் லீவு நாளெல்லாம் காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் டிசைன் போட்டுக்கொண்டிருந்தாள். "எங்க கயலு கை வச்சா செத்தவன்கூட சிரிக்கிறான்யா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். விஸ்காம் என்கிற விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கட்டும், பெரிய கம்பெனியில் டிசைனராக உட்காரட்டும் என்பது அவர் தீர்ப்பு. கயலின் அப்பா கதிரேசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். எந்த ரூட்டில் ஓட்டுவது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மச்சானைக் கேட்டுத்தான் சொல்லுவார்.

கயலுக்கும் மறுப்பு ஒன்றும் இல்லை. செல்போன் ஆப்புகளை டிசைன் செய்கிற வேலைக்குப் போக வேண்டும் என்பது அவளுடைய பல நாள் ஆசை. அதற்கு விஸ்காம்தான் என்று ஊரே சொன்னது, அவளும் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நிறுத்தியது அம்மா பொன்மணியின் போன்.

பொன்மணிக்கு வீட்டு வேலை ஒரு ஆப் மூலமாகத்தான் வரும். இன்று அடையாறு, நாளை தி.நகர் என்று ஏதாவதொரு ஃப்ளாட்டில் பாத்திரம், தரை, பாத்ரூம். அந்த மே மாதம் ஆப்பைப் புதிதாக மாற்றினார்கள். மாற்றிய சில நாளில் வேலை வருவது சுத்தமாக நின்றுபோனது. 'வேலையைப் பாதியில் விட்டுச் செல்பவர்' என்று ஆப் அவள் பெயருக்குக் கீழே எழுதி வைத்திருந்தது. பொன்மணியா? கழுவின சிங்க்கை இன்னொரு தரம் துடைக்காமல் வாசலைத் தாண்டாத பொம்பளை! விஷயம் இவ்வளவுதான்: வேலை முடிந்ததும் ஒரு பட்டனை அமுக்க வேண்டும், அவள் அமுக்கவில்லை.

"இத்தினி வருஷமா போன் வச்சிக்கினு கீற, ஒரு பட்டன் அமுக்கத் தெரியாதா?" என்று சேட்டு சத்தம் போட்டார். கயலும் தன் பங்குக்குக் கத்தினாள். "எனக்கு மூளை அவ்ளோதான், வுடு" என்று சொல்லிவிட்டு பொன்மணி அரிசி களையப் போனாள்.

அந்த 'அவ்ளோதான்' கயலுக்குச் சுருக்கென்றது. பின்னாலேயே போய்க் கேட்டாள். "ஏம்மா அமுக்கல?"

"அது செவப்பா கீதுடி. போன் வந்தா பச்சைய அமுக்குனா பேசலாம், செவப்ப அமுக்குனா கட்டாயிடும். கீற வேலையும் கட்டாயிடப் போதுன்னு நான் அந்தப் பக்கமே கைய கொண்டு போல."

அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் தொடாமல் இருந்திருக்கிறாள்!

ஒரு பழைய பேனர் அட்டையின் பின்பக்கம் அதே திரையை அப்படியே வரைந்தாள். கால்வாயோரம் அவர்கள் வீட்டை ஒட்டியிருந்த அமீனா பீயையும் சுப்பம்மாவையும் கூப்பிட்டு, "வேலை முடிஞ்சிது, இப்ப எத்த அமுக்குவீங்க?" என்றாள். அவர்களும் அதே ஆப்பில் வேலை பார்க்கிறவர்கள்தான். ரெண்டு பேருமே சிவப்பைத் தொடவில்லை. அடுத்த அட்டையில் பச்சைப் பட்டன் போட்டு, 'வேலை முடிஞ்சிது' என்று எழுதி அம்மா முன்னால் வைத்தாள். பொன்மணியின் விரல் நேராக அங்கே போய் நின்றது.

"அப்போ தப்பு எம்மேல இல்லியா?" என்றாள் பொன்மணி. கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் கயல் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு பெருங்குடியிலிருந்த அந்தக் கம்பெனிக்குப் போனாள். மெயில் அனுப்பு என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். யாராவது வந்து பார்க்கட்டும் என்று அவள் சோபாவில் அழுத்தமாக உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் ஸ்நேஹா என்கிற டிசைனர் வந்து அட்டைகளைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. பொன்மணியின் பெயருக்குக் கீழே இருந்ததை அங்கேயே எடுக்கச் செய்தாள்.

"மேடம், நீங்க விஸ்காமா?" என்று கயல் கேட்டாள்.

"இல்லப்பா, சைக்காலஜி. டிசைன் அப்புறம் கத்துக்கிட்டேன். மனுஷா ஏன் இப்படிப் பண்றான்னு தெரியாம எவ்வளவு அழகா வரைஞ்சு என்ன பிரயோஜனம்? எங்காத்துல இன்னிக்கும் நான் டாக்டருக்குப் படிச்சேன்னுதான் சொல்லிண்டிருக்கா" என்று சிரித்தாள்.

சைக்காலஜிதான் படிக்கப்போகிறேன் என்று கயல் சொன்னதும் அன்று வீட்டில் பூகம்பம்.

"சைக்காலஜியா? கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போறியா?" என்று சேட்டு எகிறினார். கதிரேசன் மச்சான் முகத்தைப் பார்த்தார்.

"படம் போட எனக்குத் தெரியும் மாமா. நீதான சொல்லிக் குடுத்த? தெரியாததத்தான் காலேஜ்ல படிக்கணும்."

சேட்டுவுக்குக் கோபம் இரட்டிப்பானது. தங்கச்சி பக்கம் திரும்பி, "கவுன்சிலிங்குக்கு நீதான கூடப் போற? விஸ்காம்னு சொல்லி வாங்கிக்கினு வா. அதுக்கு மேல உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொன்மணி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அண்ணன் பேச்சை அவள் தட்டி கயல் பார்த்ததே கிடையாது. ஆனாலும் தான் மாறப்போவதில்லை என்பதில் கயல் உறுதியாக இருந்தாள்.

அரசுக் கல்லூரி ஹாலில் முறை வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பேராசிரியை கயலை ஏற இறங்கப் பார்த்தார்.

"டிசைன் வேலைக்குப் போகணும்ங்கற. விஸ்காம்ல இடம் இருக்கு. அதை விட்டுட்டு சைக்காலஜி கேக்கற. பின்னாடி மாத்த முடியாதும்மா."

"தெரியும் மேடம். சைக்காலஜிதான் வேணும்."

அவருக்குத் திருப்தியாகவில்லை. "அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

கயல் அம்மா பக்கம் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து பொன்மணியின் போன் மணியடித்தது. திரையில் சேட்டு. பொன்மணி ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிவப்பை அமுக்கினாள்.

"ஒரு பட்டன் அமுக்கலன்னு எல்லாரும் என்னத் திட்டுனாங்கம்மா. இவளும் மொதல்ல திட்டுனா. அப்பால இவ ஒருத்திதான் 'ஏம்மா அமுக்கல'ன்னு வந்து கேட்டா. அப்டி கேக்க எந்தப் படிப்புல சொல்லித் தராங்களோ, அத்த குடுங்க."

பேராசிரியை பேனாவை எடுத்தார்.