செயின் பக்கத்து மரை

அப்பாவின் சைக்கிளைக் கெடுத்தவள் நான்தான். பிரான்சுக்குக் குடிபோன பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போன பழைய வண்டி அது. அப்பா அதை எங்களைவிடச் செல்லமாக வைத்திருந்தார். அவர் ஐஸ் வண்டியில் ஏறித் தேங்காய்த்திட்டு மீன் ஏலத்துக்குப் போன ஒரு காலையில், சீட்டில் உட்கார்ந்தால் பெடலுக்குக் கால் எட்டாத நான் அதைத் திருட்டுத்தனமாக ஓட்டிப் பள்ளத்தில் இறக்கினேன். உள்ளே ஏதோ நொறுங்கி, பெடல் நறநறவென்று ஆடியது.

அம்மா பயந்துபோய்த் தன் தம்பியைக் கூப்பிட்டாள். மாமா உள்ளூரிலேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். ஆனால் என் காதுகுத்துக்கு அவர் தாமதமாக வந்ததால், நல்ல நேரம் போகிறதென்று அப்பா என்னை வேறொருவர் மடியில் உட்காரவைத்துவிட்டார். தாய்மாமன் இருக்க இன்னொருவர் மடியா என்று அன்று மூண்ட சண்டையில், இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை.

"அவரு வர்றதுக்குள்ள முடிச்சிட்டுப் போயிடறேன்க்கா" என்று சொல்லிக்கொண்டுதான் மாமா உள்ளே வந்தார்.

வழியில் நெல்லித்தோப்பில் வாங்கிய பெடல் அச்சு, அதைத் தாங்கும் இரண்டு கப்புகள், சின்ன இரும்புக் குண்டுகள் எல்லாவற்றையும் தரையில் பரப்பினார். இடப்பக்கக் கப் சுலபமாகக் கழன்றது. அச்சை உருவியதும் நொறுங்கிய குண்டுகள் கொட்டின. வலப்பக்கம் அசையவே இல்லை.

"செயின் பக்கம் மட்டும் திருகு மரை தலகீழா இருக்கும். வலது பக்கமா திருப்புனாதான் கழலும்" என்றார் என்னிடம்.

திருப்பினார், முக்கினார். ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்றார். கப் கிறீச்சிட்டது. அம்மா கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்பா அன்றைக்கென்று சீக்கிரமே வந்து நின்றார்.

மாமா குழாயிலிருந்து இறங்கினார். அப்பா வண்டியைப் பார்த்தார், கொட்டிக் கிடந்த குண்டுகளைப் பார்த்தார், என் முழங்கால் சிராய்ப்பைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மாமாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பிரெஞ்சு வண்டி மச்சான். ரெண்டு பக்கமும் ஒரே மரை. நீ இறுக்கிக்கினு இருக்க. போன தடவ நானும் இப்பிடித்தான் முக்கினேன்."

மாமா குழாயை உருவிக் கீழே வைத்தார். "அப்போ புது கப்பு ஏறாதா மாமா?"

"ஏறாது. பழசே இருக்கட்டும். குண்டு மட்டும் மாத்து."

இருவரும் தலை முட்டக் குனிந்து, கிரீஸில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தார்கள். அடி விழவில்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அம்மா அடுப்படியில் இன்னொரு ஆழாக்கு அரிசியைக் களைந்துகொண்டே அழுதாள். வண்டிதான் சரியாகிவிட்டதே, இதற்குப் போய் ஏன் அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.