ரஹ்மத் நிஷாவிடம் சொன்ன பொய்

கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குத் தினமும் மல்லிகையும் சம்பங்கியும் கொண்டுவரும் பெரியண்ணனின் மகள் திலகவதி. புதுக்கோட்டையில் எம்.எஸ்சி. விலங்கியல் முடித்து, பெங்களூரில் மூளைக்கட்டியை ஆராயும் ஒரு ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். தமிழ்நாட்டிலிருந்து வரும் நோயாளிகளுக்கு விவரம் சொல்லிக் கையெழுத்து வாங்குவதும் அவள் பொறுப்பு. அப்படித்தான் கோட்டைப்பட்டினத்து ரஹ்மத் நிஷாவைப் பார்த்தாள்.

ரஹ்மத் நிஷாவுக்கு நாற்பத்திரண்டு வயது. மூளையின் வலது பக்கத்தில் கிளையோபிளாஸ்டோமா என்ற பொல்லாத கட்டி. கணவர் ரிஃபாய் கருவாட்டு வியாபாரி, ஒரே மகன் அஜ்மல் துபாயில். மறுநாள் ஆபரேஷன். எடுக்கும் கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று திலகவதி கேட்டாள்.

“நீ எந்த ஊரும்மா?”

“கீரமங்கலம்க்கா.”

“நம்ம பக்கத்துப் புள்ளையா. அப்ப நீயே சொல்லு தங்கச்சி, இதக் குடுத்தா எனக்கு மருந்து கண்டுபிடிச்சிருவாங்களா?”

கொடுப்பவருக்கு இதனால் நேரடிப் பலன் எதுவும் இல்லை என்று படிவத்திலேயே இருந்தது. அதைத்தான் திலகவதி படித்துக் காட்டியிருக்க வேண்டும். ஆனால் வார்டில் இன்னும் இரண்டு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

“கண்டுபிடிச்சிருவாங்கக்கா.”

ரஹ்மத் நிஷா பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள்.

ஆய்வுக்கூடத்தில் அந்தத் துண்டிலிருந்து பிரித்த செல்கள் மளமளவென்று வளர்ந்தன. ஊறவைத்த ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாகத் திரண்டன. உடம்பின் எல்லாச் செல்லிலும் இருப்பது ஒரே மரபணுக்கள்தான். எது எங்கே விழித்திருக்கும், எது உறங்கும் என்பதில்தான் வேறுபாடு. கருவில் மூளை உருவாகும்போது விழித்திருந்து, பிறகு உறங்கிவிட வேண்டிய சில மரபணுக்கள் இந்தக் கட்டியின் சில செல்களில் மட்டும் விழித்தே கிடந்தன. ஸ்டெம் செல் போல ஓயாமல் பெருகக்கூடிய அந்தச் செல்கள்தான் கத்திக்கும் கதிர்வீச்சுக்கும் தப்பிக் கட்டியை மறுபடி முளைக்க வைப்பவை. ஏழாவது மாதம், அந்த மரபணுக்களை எழுப்பி வைத்திருந்த ஒரு புரதத்தை அடக்கிப் பார்த்தார்கள். உருண்டைகள் உதிர்ந்தன. செல்கள் பெருகுவதை நிறுத்தின.

கேக் வெட்டினார்கள். திலகவதி மைக்ரோஸ்கோப் பக்கத்தில் நின்று படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள். அந்த வாரம்தான் ரஹ்மத் நிஷாவின் போன் வந்தது. திலகவதி எடுக்கவில்லை. குரல் பதிவு ஒன்று வந்தது: “தங்கச்சி, எடது கை வெளங்க மாட்டேங்குது. மருந்து எப்ப வரும்னு கேட்டுச் சொல்லும்மா.” ஆய்வுக்கூடத் தட்டில் செல்களுக்குச் செய்தது மருந்தாக இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும், ஆகாமலும் போகலாம். அதை எப்படிச் சொல்வது? பதில் அனுப்பாமலே விட்டுவிட்டாள். பத்தாவது மாதம் ஆஸ்பத்திரிப் பட்டியலில் அந்தப் பெயருக்கு எதிரே இறந்த தேதி ஏறியது.

அடுத்த விடுமுறையில் அறந்தாங்கி போய், பஸ் மாறி, கோட்டைப்பட்டினத்தில் இறங்கினாள். ரிஃபாய் நாற்காலி எடுத்துப் போட்டார். டீ வருவதற்குள் திலகவதி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

“பாய், நான் பொய் சொன்னேன். அதனால அவங்களுக்கு ஒரு பலனும் கெடைக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

ரிஃபாய் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“அஜ்மலு லீவு போட்டு வாரேன்னான். இவதான் தடுத்தா. மருந்து வருது, நம்ம பக்கத்துப் புள்ளயே சொல்லிருச்சு, நீ பெருநாளுக்கு வந்தாப் போதும்னுட்டா. அவன் வந்து எறங்கினப்ப அடக்கம் பண்ணி ரெண்டு நாளாச்சு.”

தான் சொன்ன ஒரு வார்த்தை இத்தனை தூரம் போயிருக்கும் என்று திலகவதி நினைத்ததே இல்லை. வந்த டீயை அவள் எடுக்கவில்லை.

“அவகிட்டருந்து எடுத்தது இன்னும் உசுரோட இருக்கா?” என்றார் ரிஃபாய்.

“இருக்குங்க பாய். அது அவங்க இல்ல, நோயி. ஆனா அவங்க ஒடம்புல இருந்து வந்ததுதான். வேணாம்னு நீங்க சொன்னா நிப்பாட்டிடலாம்.”

“நிப்பாட்டிருங்க. அவ ஒண்ண நெனச்சுக் குடுத்தா. நீங்க வேற எதுக்கோ வாங்கிருக்கீங்க.”

திலகவதி பெங்களூர் திரும்பி, நடந்ததை எல்லாம் எழுதி, ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியரிடம் கொடுத்தாள். “எல்லாரும் ஆறுதலுக்குச் சொல்றதுதானே, திலகா” என்றார் அவர். ஆனாலும் நெறிமுறைக் குழு முன் வைத்தார். குழு அந்தச் செல்களை அழிக்கச் சொன்னது. பிளீச்சை ஊற்றியவள் திலகவதிதான். பத்து மாதத்துக்கு மேலான உழைப்பு பத்து நிமிஷத்தில் கலங்கிய தண்ணீரானது. கூட வேலை பார்த்தவர்கள் அவளோடு சாப்பிட உட்காருவதை விட்டார்கள். அதில் அவளுக்குக் கோபம் இல்லை.

நோயாளிகளைப் பார்க்கும் பொறுப்பிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். இப்போது செல் வளர்ப்பு அறையில் மட்டும் வேலை. கோட்டைப்பட்டினத்திலிருந்து அவள் புறப்படும்போது ரிஃபாய் மகனுடைய நம்பரைக் கொடுத்து, “அவன்கிட்டயும் நீயே சொல்லிரும்மா” என்றிருந்தார். இரண்டு தடவை அந்த நம்பரை அழுத்தினாள். இரண்டு தடவையும் மணி அடிக்கும் முன்னே வைத்துவிட்டாள்.