பட்டரவாக்கத்தில் நிற்காத வண்டி

அதிவேக இருப்புப்பாதை நம் நாட்டுக்கு அவசியமா, ஆடம்பரமா என்பது தலைப்பு. அவசியமே என்று வாதிட வேண்டியவள் நான். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கல்லூரித் தமிழ் மன்றத்தில் இரண்டாண்டுகள் பயிற்சி பெற்று, ஆறு கோப்பைகளை வீட்டு அலமாரியில் வரிசையாக அடுக்கியிருந்தேன். அம்பத்தூரில் ஒரு மாதா கோயில் மண்டபத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பட்டிமன்றம். எந்தச் சொல்லில் குரலை உயர்த்துவது, எந்தச் சொல்லுக்கு முன் மூச்சளவு நிறுத்துவது என்பதுவரை தீர்மானித்திருந்தேன். 'காலத்தைச் சேமிக்கும் தேசமே காலத்தை வெல்லும் தேசம்' என்பது முத்தாய்ப்பு. அதைச் சொல்லிவிட்டு ஒரு கணம் அமைதியாக நின்றால் கைத்தட்டல் தானாக எழும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

காலை எட்டே முக்காலுக்குத் தெருமுனை மருந்துக்கடைக்காரர் எங்கள் வாசலுக்கு வந்தார். ஆவடியில் எங்கள் தெருவுக்கே அவர் கடையில் மட்டும்தான் தொலைபேசி இருந்தது.

"உங்க அக்கா கம்பெனிலேர்ந்து போன் பண்ணுச்சும்மா. பத்தாவது மார்க்ஷீட்டு ஒரிஜினல் வேணுமாம். ஜெராக்ஸ ஒத்துக்க மாட்டேன்றாங்களாம். பத்து மணிக்குள்ள கொண்டாரச் சொல்லுச்சு."

அக்கா, பட்டரவாக்கம் நிலையத்தை அடுத்த மண்ணூர்பேட்டையில் மின் சுவிட்சுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மூன்றாண்டுகளாகத் தற்காலிகப் பணியாளர். அவளையும் இன்னும் நான்கு பெண்களையும் அன்று நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி பத்து மணிக்கு வருவார், அசல் சான்றிதழைப் பார்த்துக் கையெழுத்திடுவார், உடனே புறப்பட்டுவிடுவார். காட்டச் சான்றிதழ் இல்லாதவர் இன்னோர் ஆண்டு காத்திருக்க வேண்டும். இன்னோர் ஆண்டுக்குத் தற்காலிகப் பெண்களை வைத்திருப்பார்களா என்பது யாருக்கும் தெரியாது. நான் கல்லூரிக்குப் போவதே அவள் வேலைக்குப் போவதால்தான்.

அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து சான்றிதழை எடுத்து, என் உரைத்தாள்கள் இருந்த கோப்புக்குள் வைத்தாள்.

"பதறாம போடி. ஆண்டவர் பாத்துக்குவாரு."

"ரயில நான் பாத்துக்கறேன். மிச்சத்த அவரு பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஆவடி நிலையத்தில் இரண்டு மின்தொடர் வண்டிகள் நின்றிருந்தன. ஒன்று எல்லா நிலையங்களிலும் நின்று போகும் ஸ்லோ. மற்றொன்று ஃபாஸ்ட். பட்டணத்தில் இருந்த கல்லூரிக்கு நான் நாள்தோறும் ஃபாஸ்டில்தான் போவேன். இடையிலிருந்த சிறு நிலையங்கள் என்னைப் பொறுத்தவரை சன்னலுக்கு வெளியே ஓடும் மஞ்சள் பலகைகள், அவற்றில் இறங்கியதில்லை. ஆகவே எந்த வண்டி எங்கே நிற்காது என்பதை அறிய வேண்டிய தேவையும் நேர்ந்ததில்லை. அவசரம் என்றால் ஃபாஸ்ட். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

மகளிர் பெட்டியில் இடம் கிடைத்தது. கோப்பைத் திறந்து உதடு மட்டும் அசைய ஒத்திகையைத் தொடங்கினேன். எதிரே கீரைக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, பரிச்சையா?"

"இல்லைங்கம்மா, பட்டிமன்றம்." தலைப்பைச் சொன்னேன்.

"அது இன்னா ரயிலு?"

"மெட்ராஸ்ல ஏறி உக்காந்தா, காப்பி ஆறுறதுக்குள்ள பெங்களூர் போயிடலாம்."

"காப்பிய இங்கயே குடிச்சிட்டுப் போறேன். பெங்களூர்ல எனுக்கு இன்னா கீது?"

பெட்டி சிரித்தது. பக்கத்தில் வெள்ளைப் புடவையில் இருந்த நர்ஸ் எனக்காகப் பரிந்து வந்தார்.

"அப்படிச் சொல்லாதே ஆயா. வெளியூர்லேர்ந்து ஒரு சீரியஸ் கேசு சீக்கிரம் வந்து சேந்தா உசுரு பொழைக்கும்ல?"

"டிக்கெட்டு வெலைய கேட்டாலே அந்த உசுரு பூடும்!"

மறுபடியும் சிரிப்பு. எனக்குச் சுருக்கென்றது. கோப்பைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றேன். முழு உரையையும் அவர்களுக்கே நிகழ்த்திக் காட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். புதிய பாதையால் பெருகும் தொழில்கள், நம் பொறியாளர்களின் கைகளில் வளரும் திறன், பயணத்தில் வீணாகும் நேரம் படிப்பாகவும் உழைப்பாகவும் மாறும் விந்தை என ஒவ்வொன்றாக அடுக்கினேன். நடுவில் வண்டி அம்பத்தூரில் நின்றது, சிலர் இறங்கினார்கள், பலர் ஏறினார்கள், நான் நிறுத்தவில்லை. முத்தாய்ப்பைச் சொல்லிவிட்டு, பயின்றபடியே ஒரு கணம் அமைதி காத்தேன்.

யாரும் கை தட்டவில்லை.

"நல்லாத்தான் பேசுறே" என்றார் கீரைக்கார அம்மாள். "நீ எங்க எறங்கணும்?"

"பட்டரவாக்கம்."

"அடிப்பாவி! இது ஃபாஸ்ட்டாச்சே, அங்க நிக்காதே! அம்பத்தூர்லயே எறங்கியிருக்கணும் நீ. ஒரு நிமிசம் வாய மூடிகினு இருந்திருந்தா நாங்களாவது கேட்டிருப்போம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பட்டரவாக்கம் வந்தது. வந்த வேகத்திலேயே போனது. நடைமேடையில் சோற்றுத் தூக்குகளோடு தொழிற்பேட்டைப் பெண்கள் நடந்துகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். அக்காவின் சான்றிதழ் என் கையில் இருந்தது. அடுத்து வந்த கொரட்டூரிலும் வண்டி நிற்கவில்லை.

வில்லிவாக்கத்தில் குதித்து இறங்கினேன். "அந்தாண்ட பிளாட்பாரத்துல ஸ்லோ வரும், ஓடு!" என்று கீரைக்கார அம்மாளின் குரல் முதுகில் வந்து விழுந்தது. நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கி, எதிர்த்திசையில் போகும் ஸ்லோவைப் பிடித்தேன். கொரட்டூரைத் தாண்டியதும் அது நடுவழியில் நின்றுவிட்டது.

"எக்ஸ்பிரஸ்ஸுக்கு வழி வுட்றான்" என்றாள் கதவோரம் நின்றிருந்த ஒரு பெண், கொட்டாவியோடு. "நம்மள எப்பவும் இப்டித்தான் ஓரங்கட்டி நிறுத்துவான்."

அந்தப் பத்து நிமிடங்களில் நான் பெரிதாக எதையும் சிந்தித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர வேறு சொல் எனக்கு வரவில்லை. எக்ஸ்பிரஸ் தடதடத்துக் கடந்தது. பிறகே நாங்கள் நகர்ந்தோம்.

பட்டரவாக்கத்தில் இறங்கியபோது நிலையக் கடிகாரம் பத்தைத் தொட்டிருந்தது. ரயில்வே கேட்டுக்கு அப்பால் லாரிகளும் சைக்கிள்களும் ஒரு வெள்ளை அம்பாசிடர் காரும் நெருக்கியடித்து நின்று ஒலியெழுப்பிக்கொண்டிருந்தன. நான் இப்பக்கம் நின்ற வாகனங்களுக்கு இடையே புகுந்து, தொழிற்சாலையை நோக்கி ஓடினேன். புடவைக் கொசுவம் ஒரு கையில், கோப்பு மறு கையில்.

தொழிற்சாலை வாசலில் காவலாளியின் அறைக்கு வெளியே அக்கா நின்றிருந்தாள். நீலச் சட்டை, சிவந்த கண்கள்.

"மணி பத்தே கால் ஆகுது. நீ ஆவடிலேர்ந்து வர்றியா, அரக்கோணத்துலேர்ந்து வர்றியா?"

"ஃபாஸ்ட்ல ஏறிட்டேங்க்கா."

"ஃபாஸ்ட்லயா? பட்டரவாக்கத்துக்கா?"

காவலாளி வாய்விட்டுச் சிரித்தார். "இந்த எஸ்டேட்டுக்கு வர்ற ஒரு ஆளும் பண்ணாத வேலைம்மா இது. காலேஜ் படிக்கிற பொண்ணா?"

நான் தலைகுனிந்தேன். ஆறு கோப்பைகளில் ஒன்றுகூட அப்போது உதவிக்கு வரவில்லை.

"சரி, ரெண்டு பேரும் அழுவாதீங்க" என்றார் அவர். "ஐயா இன்னும் வரவே இல்ல."

அந்த நான்கு சொற்களைக் கேட்டதும் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். சிறிது நேரத்தில் கேட்டருகே நான் பார்த்த அதே வெள்ளை அம்பாசிடர் உள்ளே வந்தது. அதிகாரி முகம் கடுகடுக்க இறங்கினார்.

"இருபத்தஞ்சு நிமிஷம்யா, அந்த ரயில்வே கேட்ல! முதல்ல ஒரு எக்ஸ்பிரஸ்ஸு. அது போனா தெறப்பான்னு பாத்தா, பின்னாலயே ஆடி அசைஞ்சு ஒரு லோக்கல்!"

அந்த லோக்கலில் வந்தவள் நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எனக்குத் துணிவு இல்லை. அக்கா கோப்பைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவள் என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். பிறகு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். கையெழுத்து ஆகிவிட்டது.

அன்று பிற்பகல் மேடையேறியபோது என்னிடம் பழைய உரை இருந்தது. பழைய உறுதி இல்லை. ரயிலில் பேசியதையெல்லாம் பேசினேன். ஆனால் முத்தாய்ப்பு வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக நான் சொன்னது இது: "எங்கள் தடத்தில் விரைவு வண்டி போவதற்காக நாங்கள் நிற்கிறோம். விரைவு வண்டிக்குத் தனித் தடம் போட்டுக் கொடுத்துவிட்டு, எங்கள் தடத்தை எங்களிடம் விட்டுவிடுங்கள். புதிய பாதை அதில் ஏறப்போகிறவருக்காக அல்ல. ஒருநாளும் ஏறாதவருக்காகவே வேண்டும்."

கைத்தட்டல் எழுந்தது. எதிரணியில் கடைசியாகப் பேசிய இளைஞர் எழுந்து, "சகோதரி கேட்பது இன்னொரு தடம். அதைச் சாதாரணத் தடமாகவே போடலாமே! கொஞ்சம் செலவில் முடிகிற காரியத்துக்குக் கோடிகளைக் கொட்டுவானேன்?" என்றார்.

அப்படிப்பட்ட நெருக்கடிக்கென்று ஒரு நகைச்சுவைத் துணுக்கை எப்போதும் கைவசம் வைத்திருப்பேன். அன்று அதை எடுக்க மனம் வரவில்லை. "சகோதரர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தேன். பரிசு அவருக்குப் போனது. தோற்ற பிறகு இவ்வளவு இலேசாக மேடையை விட்டு நான் இறங்கியதில்லை. வாதத்தின் முடிவு எதுவானாலும், அன்று முடிவாக வேண்டிய காரியம் மண்ணூர்பேட்டையில் முன்பே முடிவாகியிருந்தது.

அதிவேகப் பாதை வேண்டுமா என்று இன்றும் சிலர் என்னிடம் கேட்கிறார்கள். அது எங்கெங்கே நிற்கும் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். பேச்சாளருக்கு இது போதுமான விடை அல்ல என்பது எனக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஏழு மணியாகியும் அக்கா பாயை விட்டு எழவில்லை. காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. லீவு" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

"எதுக்குடி லீவு?"

"மூணு வருஷமா எனக்கு லீவே கெடையாதும்மா. வரலன்னா வேலை இல்ல, அவ்ளோதான். இப்ப லீவு போட்டா என்ன ஆகுதுன்னு பாக்கறேன்."

"என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதாம்" என்று சொல்லிவிட்டு, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.